புற்றுநோய் எப்படிப் பரவுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பயத்தைச் சுற்றித்தான்: "பரவிவிட்டதா, பரவிவிடுமா?" அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இப்போது ஸ்கானில் ஈரலிலும் கட்டி என்கிறார்கள். ஈரல் புற்றுநோயும் வந்துவிட்டதா? (வெள்ளவத்தை)

பெரும்பாலும் இல்லை. மார்பகத்திலிருந்து கிளம்பிய புற்றுநோய்க் கலங்கள் (செல்கள்) ஈரலில் குடியேறியிருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் மருந்தும் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துதான். ஆனால் போன இடத்தில் கலம் தன் குணத்தை மாற்றிக்கொள்வது உண்டு, ஹோர்மோன் ஏற்பியோ (ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்), கலத்தை வளரத் தூண்டும் ஹெர்2 புரதமோ முன்பு இருந்தது இப்போது இல்லாமல் போகலாம், இல்லாதது வந்திருக்கலாம். ஈரல் கட்டியில் பயாப்சி (சோதனைக்காகச் சிறு துண்டு) எடுத்துத் திரும்பச் சோதிக்க முடியுமா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். மருந்தே மாறக்கூடிய விஷயம் இது.

மேலணிக் கலங்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும் என்று படித்தோம். அப்படியானால் எப்படிப் பிரிந்து இரத்தத்துக்குள் போகின்றன? (உயர்தர மாணவர், தெஹிவளை)

மேலணிக் கலங்கள் என்பவை தோலிலும் உறுப்புகளின் பரப்பிலும் படலமாக இருப்பவை. அவற்றை ஒட்டவைக்கும் முக்கியமான புரதம் ஈ-காட்ஹெரின். கட்டியைச் சுற்றியுள்ள இழையத்திலிருந்து டிஜிஎஃப்-பீட்டா போன்ற சைகைகள் வரும்போது, கலத்துக்குள் ஸ்னெய்ல், ட்விஸ்ட், செப்1 என்ற புரதங்கள் கூடுகின்றன. மரபணுக்களைத் திறப்பதும் மூடுவதும் இவற்றின் வேலை. இவை ஈ-காட்ஹெரின் மரபணுவை அடக்கிவிட, கலம் பக்கத்துக் கலத்தின் பிடியை விடுகிறது, நீள்கிறது, நகரும் கலங்களில் காணப்படும் விமென்டின் என்ற புரத இழைகள் கூடுகின்றன, முன்னால் இருக்கும் புரத வலையைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து வழி உண்டாக்கிக்கொண்டு நகர்கிறது. இதற்கு டிஎன்ஏயில் புதிதாக ஒரு எழுத்துகூட மாறவேண்டியதில்லை. அதனால்தான் கலம் பழைய நிலைக்குத் திரும்பவும் முடிகிறது.

புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை இது. முளையத்தில் (தாயின் வயிற்றில் கருவாக இருக்கையில்) எங்கள் எல்லோருடைய உடலும் உருவாகும்போது கலங்கள் இப்படித்தான் இடம்பெயர்கின்றன. அமெரிக்கக் கல உயிரியலாளர் எலிசபெத் ஹேயின் ஆய்வுக்கூடம் 1982இல் மேலணிக் கலங்களைக் கொலாஜன் ஜெலுக்குள் வைத்து, அவை உருமாறி நகர்வதைக் காட்டியது. புற்றுநோய்க் கலம் அதே பழைய நிரலைத் திரும்ப எடுத்து ஓட்டுகிறது. பெரும்பாலும் பாதி உருமாறிய நிலையிலேயே நின்றுவிடும், அந்தப் பாதி நிலைதான் கூடுதல் ஆபத்து என்பது என் கருத்து. கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் நகரும், சிறு கூட்டமாகவே இரத்தத்தில் போகும். கூட்டமாகப் போகிறவை தனிக் கலங்களைவிட அதிகமாகத் தப்பிப்பிழைக்கின்றன.

ஆனால் இரத்தத்தில் இறங்கிய கலங்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. எலிகளில் செய்த சோதனைகளில் 0.01 சதவீதத்துக்கும் குறைவானவையே புதிய கட்டியாகின. போன இடம் ஒத்துவரவும் வேண்டும். 1889இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். அங்கே முளைத்துப் பெருக, பல கலங்கள் திரும்பவும் ஒட்டும் குணத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

ஊசி குத்தி, கத்தி வைத்தால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயாப்சியைத் தடுக்கிறார்கள். (கொட்டாஞ்சேனை)

தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஊசி போன வழியில் கலங்கள் சிந்துவது மிக அரிது. விதைப்பை போன்ற ஒருசில இடங்களில் ஊசியைத் தவிர்ப்பார்கள், அது டொக்டர்மாருக்குத் தெரியும். மேலே சொன்னதைப் பாருங்கள், கலம் நகர்வது உள்ளிருந்து வரும் மாற்றத்தால். பயாப்சியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த மாற்றத்துக்குக் கொடுக்கும் நேரம். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு முற்றிய நிலையில் வருகிறவர்களில் இப்படிப் பயந்து காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

சீனியை நிறுத்தினால் பரவாதா?

இல்லை. புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும், ஆனால் நீங்கள் தேநீருக்குச் சீனி போடாவிட்டாலும் ஈரல் குளுக்கோஸ் செய்துகொண்டேதான் இருக்கும். சிகிச்சை நேரத்தில் எடை குறையாமல் பார்ப்பதுதான் முக்கியம்.

11 வருடம் சுகமாக இருந்த அக்காவுக்கு இப்போது எலும்பில் வந்திருக்கிறது. இத்தனை நாள் எங்கே இருந்தது?

பெரும்பாலும் எலும்பு மச்சையில், இரண்டாகப் பிரிந்து பெருகாமல், தூங்கும் நிலையில். ஹோர்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் 20 வருடம் கழித்தும் திரும்பியிருக்கிறது. பிரியும் கலங்களைத் தாக்கும் கீமோ, தூங்கும் கலத்தை அவ்வளவாகத் தொடாது. ஹோர்மோனின் வேலையைத் தடுக்கும் டமொக்சிஃபென் மாத்திரையை 5 வருடம், சிலருக்கு 10 வருடம், எடுக்கச் சொல்வது இதனால்தான். சுகமாக இருக்கிறதே என்று நடுவில் விடாதீர்கள்.

அப்பா வெற்றிலை, புகையிலை போடுகிறவர். வாயில் வெள்ளைத் தழும்பு, இப்போது கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. (மட்டக்குளி)

வலி இல்லை என்பது ஆறுதல் தரும் செய்தி இல்லை. இலங்கை ஆண்களிடம் முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய், புகையிலை இல்லாமல் பாக்கு மட்டுமே போட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கும். வாயிலிருந்து கிளம்பும் கலங்கள் வழக்கமாக முதலில் நிற்கும் இடம் கழுத்து நிணநீர்க் கணுக்கள். அந்தக் கட்டத்தில்கூட சத்திரசிகிச்சையாலும் கதிர்ச் சிகிச்சையாலும் குணமாகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை இந்த வாரமே கொழும்பு வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.