சுவர் நிற்கிறது, கொட்டகைக்கு மட்டும் நோட்டீஸா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். வாய்க்கால் புறம்போக்கில் பல வருஷமாக மாட்டுக் கொட்டகை போட்டிருக்கிறேன். காலி செய்யச் சொல்லி தாசில்தாரிடமிருந்து நோட்டீஸ். அதே வாய்க்காலில் செங்கல் சுவர் எழுப்பிய பெரும்புள்ளியை யாரும் தொடவில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம்தானே, வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் "அவரை விட்டீர்கள், என்னையும் விடுங்கள்" என்று போட்டால் தோற்பீர்கள். ஒருவருக்குச் செய்த தவறை எனக்கும் செய் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1995-இல் சண்டிகர் நிர்வாகம் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. அவர்மீதும் அதே சட்டம் பாயட்டும் என்று கேட்கலாம். அதற்கு வலு உண்டு.

முதலில் நோட்டீஸைப் பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7-ஆவது பிரிவு என்றிருந்தால், அது உங்களிடம் காரணம் கேட்கிறது. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். 7 இல்லாமல் நேரே 6-ஆவது பிரிவில் வெளியேற்ற உத்தரவு வந்திருந்தால் அதுவே நல்ல பிடி. ஆக்கிரமிப்பாளரே ஆனாலும் கேட்காமல் இடிக்கக் கூடாது.

பலர் வழுக்குவது பி மெமோ ரசீதில். வருஷா வருஷம் கட்டினோமே என்பார்கள். அது ஆக்கிரமிப்புக்குப் போடும் தண்டம், குத்தகை அல்ல. நீட்டினால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்து சுவர். அ-பதிவேடு (கிராம நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நில அளவைப் படம்) இரண்டுக்கும் நகல் எடுத்து, சுவர் நிற்கும் சர்வே எண் வாய்க்கால்தானா என்று பாருங்கள். பட்டா நிலமாக இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும். புறம்போக்கு என்றால் தாசில்தாருக்கும் நீர்வளத் துறைக்கும் ஒப்புகையோடு தபாலில் மனு. கூடவே 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு: "இந்த சர்வே எண்ணில் யார் யாருக்கு, எந்தத் தேதியில் நோட்டீஸ் போனது?" 'ஏன் போகவில்லை' என்று கேட்காதீர்கள், ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கம் தரமாட்டார்கள். கெடு 30 நாள்.

அதன் பிறகும் அசையாவிட்டால், நடவடிக்கை எடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. திருவாரூர் மாவட்டத்துக்குச் சென்னை. பக்கத்து ஒரத்தநாட்டுக்காரர் (தஞ்சாவூர் மாவட்டம்) என்றால் மதுரைக் கிளை.

வாய்க்கால் எல்லையை அளக்கச் சொல்வதை மேட்டூர் திறப்புக்கு, வழக்கமான ஜூன் 12-க்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடினால் எல்லைக்கல் தெரியாது. கொட்டகை எப்படியும் போகும். பதிலிலேயே பிரிக்க அவகாசம் கேளுங்கள். நீங்களே இறக்கினால் கூரை ஓடும் மூங்கிலும் மிஞ்சும், பொக்லைன் வந்தால் மிஞ்சாது.