அமெரிக்காவில் என் பெயரில் யாரோ கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில், தொல்லை விட்டால் போதும் என்று ஒரு தவணைகூடக் கட்டிவிடாதீர்கள். கடனை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று வாதாட அது இடம் கொடுக்கும்.

எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு ஆணையம்) நடத்தும் அடையாளத் திருட்டுத் தளத்தில் புகார் பதியுங்கள், போலீஸிலும் ஒன்று கொடுங்கள். எஃப்டிசி அறிக்கையை அடையாளச் சான்றோடு எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் வரலாற்று நிறுவனங்களுக்கும் அனுப்பினால், 4 வேலை நாட்களுக்குள் உங்கள் கடன் வரலாற்றில் உள்ள அந்தக் கடன் பதிவை அவை முடக்க வேண்டும். புதுக் கடன் எதுவும் திறக்க முடியாதபடி அந்தக் கடன் வரலாற்றையே பூட்டி வைக்கலாம் (‘கிரெடிட் ஃப்ரீஸ்’). 2018 முதல் அது இலவசம்.

சரி, பதிவு மறைந்தால் கடனும் போய்விடுமா? போகாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரசுக் கடன் என்றால், அதை வசூலிக்கும் சர்வீசரிடம் அடையாளத் திருட்டுக்கான கடன் ரத்து விண்ணப்பத்தைக் கேளுங்கள். கூடவே கடன் பத்திரத்தின் நகலும் வேண்டும். அதிலுள்ள கையெழுத்து, முகவரி, ஈமெயில் மூன்றையும் உங்களுடையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய செக், லைசென்ஸ் போன்ற கையெழுத்து மாதிரிகளைத் தேடி வையுங்கள், கேட்பார்கள். அந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.

தனியார் கடனுக்கு அந்த விண்ணப்பம் செல்லாது; கடன் கொடுத்த நிறுவனத்தின் மோசடிப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் மறுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். போனில் பேசியது மட்டும் போதாது.

அப்புறம், சில சமயம் திருடியவர் சொந்தக்காரராகவே இருப்பார். போலீஸுக்குப் போகத் தயங்கினால் கடன் உங்கள் தலையிலேயே நின்றுவிடக்கூடும்.