ஒன்ராறியோவிலிருந்து கியூபெக் போகிற தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்ததும் சிரிப்பு வந்தது. கோபிக்காதீர்கள், 1998இல் நானும் இதையேதான் கேட்டேன், ஆனால் எதிர்த்திசையில். நீங்கள் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதம், கியூபெக் மாகாணத்து மொன்றியலில் மாமாவின் கடைப்பக்கம் வேலை சரிவரும்போல இருக்கிறது, மனைவியும் ஆறு வயது மகளும் உண்டு. "ஒரே நாடுதானே அண்ணை, விலாசத்தை மாற்றினால் போதாதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. நான் 1992இல் வந்திறங்கியது மொன்றியலில்தான். ஆறு வருடம் அங்கே இருந்துவிட்டு இங்கே வந்தவன் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் உங்கள் பேர்ஸைத் திறந்து பாருங்கள். பி.ஆர். காட், அதாவது நிரந்தர வதிவிட அட்டை, ஒட்டாவா தந்தது. ஒட்டாவா என்றால் மத்திய அரசாங்கம். சின் நம்பர் என்கிற சமூகக் காப்புறுதி இலக்கமும் அப்படித்தான். அவை அப்படியே உங்களோடு வரும். ஹெல்த் காட்டும் லைசென்ஸும் ஒன்ராறியோ தந்தவை. கியூபெக் போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். இராணுவம், நாணயம், தபால், குடியுரிமை, குற்றவியல் சட்டம், பிள்ளைக்கு மாதாமாதம் வரும் பெனிபிட் எல்லாம் ஒட்டாவாவின் பக்கம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாடகைச் சட்டம், கடைக்காரர் உங்களுக்குத் தரவேண்டிய ஆகக்குறைந்த சம்பளம் எல்லாம் மாகாணத்தின் பக்கம். கல்யாணம் செய்துவைக்கும் முறை மாகாணத்தின் கையில், விவாகரத்துச் சட்டம் ஒட்டாவாவின் கையில். இதைக் கேட்டு என் மனைவி இன்றைக்கும் சிரிப்பார். போய்க் குடியேறும் உரிமை பற்றிப் பயம் வேண்டாம். பி.ஆர். உள்ளவர் எந்த மாகாணத்திலும் இருந்து வேலை செய்யலாம் என்று 1982 உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது.

ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள்? 1867இல் இந்த நாட்டைக் கட்டியவர்கள் உண்மையில் மத்தியைத்தான் பலமாக வைக்க நினைத்தார்கள். பக்கத்தில் அமெரிக்காவில் மாநிலங்கள் பிரிந்துபோய் மூண்ட போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மாகாணம் போடும் சட்டத்தை ஒட்டாவா ரத்துச் செய்யலாம் என்றுகூட எழுதி வைத்தார்கள். அந்த அதிகாரத்தை 1943க்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்குத் தங்கள் மொழியும் மதமும் சிவில் சட்டமும் தங்கள் கையில் இருக்கவேண்டும், அதனால் பள்ளிக்கூடம் மாகாணத்துக்குப் போனது. ஆஸ்பத்திரி அந்தக் காலத்தில் தேவாலயங்களும் தருமம் செய்பவர்களும் பார்த்துக்கொண்ட சில்லறை விஷயம், அதையும் கூடவே கொடுத்துவிட்டார்கள். நூறு வருடத்தில் அந்தச் சில்லறைதான் நோட்டுக்கட்டாகிவிட்டது. இன்று மாகாண பட்ஜெட்டில் ஆகப்பெரிய செலவு வைத்தியம்.

அந்த ஹெல்த் காட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். மாகாணம் மாறினால் புதிய காட் வர மூன்று மாதம் வரை ஆகும், அதுவரை பழைய மாகாணத்தின் காட்தான் செல்லும். நான் இங்கே வந்த இரண்டாம் கிழமை மகனுக்குக் காதுவலி. ராத்திரி முழுக்க அழுகை. விடிந்ததும் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கியூபெக் காட்டை நீட்டியதும் ரிசெப்ஷனில் இருந்த பிள்ளை அதைத் தொடக்கூட இல்லை, "காசா, செக்கா?" என்று கேட்டாள். டாக்டர்களுக்கான கட்டணத்தை மாகாணங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கியூபெக் மட்டும் சேரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பில்லை அனுப்பினால் கியூபெக் தன் விலைப்படிதான் திருப்பித் தரும். கட்டியதில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது. உங்களுக்கு இது எதிர்ப்பக்கமாக நடக்கும்: ஒன்ராறியோ காட்டோடு அங்கே போய் நிற்பீர்கள். கையில் கொஞ்சக் காசும், வாங்குகிற ஒவ்வொரு ரசீதும் இருக்கட்டும். இன்னொன்று, கியூபெக்கில் 1997இலிருந்து எல்லோருக்கும் மருந்துக் காப்புறுதி கட்டாயம். வேலையிடத்தில் இல்லாவிட்டால் அரசாங்கத் திட்டத்தில் பதிய வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. இங்கே ஒரே படிவம், அங்கே ஒட்டாவாவுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என்று இரண்டு. பயப்பட வேண்டாம், கியூபெக்காரருக்கு மத்திய வரியில் 16.5 சதவீதம் கழித்துவிடுவார்கள். கடை ரசீதில் விற்பனை வரி இங்கே 13 சதவீதம் என்று ஒன்றாக வரும், அங்கே 5 என்றும் 9.975 என்றும் இரண்டாக வரும். கார் இன்சூரன்ஸ் பில்லைப் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள். விபத்தில் ஆளுக்கு வரும் காயத்துக்கான காப்புறுதியை 1978இலிருந்து மாகாணமே நடத்துகிறது. ஸ்காபரோவில் இன்சூரன்ஸ் கட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நீங்கள் இரண்டு தரம் யோசிக்கவேண்டிய இடம் மகளின் பள்ளிக்கூடம். 1977இல் வந்த கியூபெக்கின் 101ஆம் சட்டப்படி, குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். தாயோ தகப்பனோ கனடாவுக்குள் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி படித்திருந்தால் அது வேறு, உங்களுக்கு அது இல்லை. ஆறு வயது நல்ல வயது. என் மகன் அங்கே படித்தது இரண்டே வருடம், இன்றைக்கும் பிரெஞ்சில் கோபப்படத் தெரியும். கஷ்டம் உங்களுக்கும் மனைவிக்கும்தான். 2022இல் வந்த 96ஆம் சட்டப்படி, புதிதாக வந்தவருக்கு ஆறு மாதம் கழிந்தால் அரசாங்கம் பிரெஞ்சில்தான் கடிதம் போடும். வைத்தியம், பாதுகாப்பு போன்ற சிலதுக்கு விலக்கு உண்டு. மாமா கடையில் தமிழும் ஆங்கிலமும் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்து வகுப்புக்குப் போகாமல் விடாதீர்கள். நான் விட்டேன். ஆறு வருடம் இருந்தும் மகனை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

இவர்களுக்கு ஏன் மொழியில் இவ்வளவு பிடிவாதம் என்று மாமாவின் கடையில் யாராவது சலித்துக்கொள்வார்கள். நாங்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லை என்பது என் எண்ணம். இலங்கையில் மொழிக்காக என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு விமானம் ஏறியவர்கள் நாங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு எனக்கு நல்ல ஞாபகம். கியூபெக் பிரிவதா இல்லையா என்று வாக்கெடுப்பு. மொன்றியலின் கோட் டெ நெஜ் பகுதியில் எங்கள் பிளாட்டில் ஆறு பேர் டி.வி. முன்னால். ஒருவருக்கும் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. முதலில் 'ஆம்' முன்னுக்கு நின்றது. மொன்றியல் பெட்டிகளை எண்ண எண்ண ஊசி மற்றப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் 'இல்லை' 50.58, 'ஆம்' 49.42. வாக்களித்தவர்கள் 93 சதவீதத்துக்கும் மேல், வித்தியாசம் 54 ஆயிரத்துச் சொச்சம். 'ஆம்' பக்கம் நின்ற கியூபெக் முதல்வர் பரிசோ மேடையேறி, காசாலும் வேற்று இனத்தவர்களின் வாக்காலும் தோற்றோம் என்றார். வாக்கே இல்லாத நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பயம்தான். ஊரில் அப்படி ஒரு வசனம் மேடையில் விழுந்தால் விடியும்போது என்ன நடக்கும் என்று தெரியும். ஒருவன் வாசல் கதவின் சங்கிலியைப் போட்டுவிட்டு வந்தான்.

விடிந்தது. பஸ் நேரத்துக்கு வந்தது. பக்டரியில் முதல்நாள் வரை 'ஆம்' பட்ஜ் குத்திக்கொண்டு திரிந்த போர்மன் முகம் வாடி நின்றார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல பெட்டி எண்ணச் சொன்னார். அன்றைக்கே பரிசோ பதவி விலகப்போவதாக அறிவித்தார். பிறகு ஒட்டாவா உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. கியூபெக் தானாகப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'ஆம்' சொன்னால் மற்றவர்கள் பேச்சுக்கு வரவேண்டும் என்று 1998இல் தீர்ப்பு வந்தது. பிரிந்துபோவதற்கும் ஒரு நடைமுறை! இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாணங்களுக்கென்று எழுதியிருக்கும் காணி, பொலிஸ் அதிகாரமே கைக்கு வராத இடத்திலிருந்து வந்தவனுக்கு அதை நம்பக் கொஞ்சக் காலம் எடுத்தது.

இங்கே எல்லாம் ஒற்றுமையாக ஓடுகிறது என்று சொல்லவரவில்லை. 1982 அரசியலமைப்பில் கியூபெக் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. எண்ணெய் காசு தங்களுடையது, ஒட்டாவா பிடுங்குகிறது என்று அல்பேர்ட்டாவில் எப்போதும் புகைச்சல். ஒட்டாவா தன் பங்குக்குக் காசைக் காட்டித்தான் மாகாணங்களை வழிக்குக் கொண்டுவருகிறது. நோயாளியிடம் மேலதிகக் கட்டணம் வாங்க விட்டால் மாகாணத்துக்குத் தரும் பணத்தில் அவ்வளவையும் வெட்டுவோம் என்பது 1984 சட்டம். ஆனால் யோசனைகள் பெரும்பாலும் கீழேயிருந்துதான் மேலே போகின்றன. இலவச வைத்தியத்தை 1962இல் தொடங்கியது சஸ்காச்சுவான், டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் விடவில்லை. 1997இல் கியூபெக் நாளுக்கு ஐந்து டொலர் டேகெயாரை, அதாவது பிள்ளைப் பராமரிப்பை, தொடங்கியது, 2021இல் ஒட்டாவா அதைப் பார்த்து நாடு முழுக்கப் பத்து டொலர் என்றது. இரண்டாவது பிள்ளை பற்றி யோசனை இருந்தால் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

போவதென்றால் ஜூலைக்கு முன் முடிவெடுங்கள். அங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடியும். ஜூலை 1 கனடா தினம், ஒட்டாவாவில் கொடியேற்றுவார்கள். மொன்றியலில் அன்றைக்குப் பாதிச் சனம் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருக்கும். ட்ரக்கை ஏப்ரலிலேயே சொல்லி வையுங்கள். படிகள் வெளிப்பக்கம், வளைந்து வளைந்து இருக்கும். அலுமாரியைக் கழற்றிக் கொண்டு போங்கள்.