காதல் குறுநாவல்: துண்டுக் கடதாசிக் கேள்விகளும் என் பதில்களும்

போன போயா (பௌர்ணமி) விடுமுறையன்று திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. காதல் குறுநாவல்கள் பற்றித்தான் அன்றைய கதை. கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னேன். மூன்றுக்குப் பதில் சொல்வதற்குள் மூதூர்ப் பக்கத்தவர்கள் பஸ்ஸைப் பிடிக்க எழும்பிவிட்டார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் வீட்டில் இருந்து ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறேன். 25 வருடம் தமிழ் படிப்பித்தவள், 40 வருடமாக இந்தக் கதைகளை விரும்பிப் படிப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ரீச்சர், குறுநாவல் என்றால் எத்தனை பக்கம்? (பாலையூற்று)

ஆங்கிலத்தில் பரிசு கொடுக்கும் சில அமைப்புகள் 17,500 சொல்லில் இருந்து 40,000 சொல் வரை என்று வரம்பு வைத்திருக்கின்றன. தமிழில் அப்படி ஒரு கோடு கிடையாது, 100 பக்கத்துக்கும் அட்டையில் நாவல் என்றே போடுவார்கள். என் அளவு வேறு. இரவு ரயிலில் திருகோணமலையில் ஏறியதும் திறந்தால், கொழும்பு வருவதற்குள் முடித்துவிட்டு ஒரு தூக்கமும் போட முடியவேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தடையைத்தான் வைக்கலாம், இரண்டாவதுக்கு இடமில்லை. இதை மனதில் வைத்திருங்கள், கீழே திரும்பவும் வரும்.

முடிவு தெரிந்த கதையைப் படித்து என்ன பயன் என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்ல? (உட்துறைமுக வீதி)

கோயிலில் வருடா வருடம் திருக்கல்யாணம் நடக்கிறது. யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று தெரிந்துதான் போகிறோம், போய்க் கண் கலங்கியும் வருகிறோம். கடைசியில் சேர்வார்கள் என்பது எழுதியவர் வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு இருப்பதால்தான் நடுவில் வரும் பிரிவையும் அவமானத்தையும் முகம் திருப்பாமல் பார்க்க முடிகிறது.

சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத இரவுகளில் குப்பி விளக்கில் படித்தவள் நான். வெளியில் நடப்பது எப்படி முடியும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கையில் இருக்கும் 90 பக்கம் நல்லபடியாக முடியும் என்று மட்டும் தெரியும். அது எனக்கு எவ்வளவு பெரிய தைரியமாக இருந்தது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். சின்னக் கதை என்று அவன் இளக்காரமாகச் சொன்னால் குறுந்தொகையைக் கையில் கொடுங்கள். அதில் பாட்டுகள் 4 முதல் 8 அடிதான்.

கதாநாயகன் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுகிறான், கை நீட்டுகிறான், கடைசியில் அவள் மன்னிக்கிறாள். இப்படிக் கதைகள்தான் எனக்குப் பிடிக்கின்றன. பிழையா அக்கா? (தம்பலகாமம், வயது 20)

படிப்பது பிழையில்லை பிள்ளை. ஏன் பிடிக்கிறது என்றும் எனக்கு விளங்குகிறது. ஊரே பயப்படும் ஒருவன் ஒருத்திக்கு முன்னால் மட்டும் உடைந்து போகிறான். வீட்டில் நம் சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்லாத வயதில் அதைப் படிப்பது பெரிய இன்பம். கதை எல்லை மீறினால் புத்தகத்தை மூடிவிடலாம் என்ற பாதுகாப்பும் இருக்கிறது.

ஆனால் பக்கக் கணக்கைப் பார். முதல் 80 பக்கமும் அவன் காயப்படுத்துகிறான். பிறகு அவனுக்குச் சின்ன வயதில் ஒரு துக்கம் இருந்தது என்று தெரியவருகிறது. ஒரு விபத்து நடக்கும், அல்லது அவள் கர்ப்பமாவாள், அவன் அழுவான். கடைசிப் 10 பக்கத்தில் எல்லாம் சரி. அவ்வளவு பெரிய காயம் ஆறுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. ஆறாத காயத்தின் மேல் ‘சுபம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கதைகளோடு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். காதலர்களுக்கு இடையில் சண்டையே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வாக்குவாதம், ஒரு பொய், மாமியார் சொன்ன ஒரு சொல், இவற்றை 100 பக்கத்துக்குள் ஆற்றலாம். அடித்த கையை ஆற்ற முடியாது.

நான் படிக்கும்போது அவள் ‘வேண்டாம்’ என்று சொன்ன இடத்துக்கு அடுத்த வரியைக் கவனிப்பேன். அவன் நிற்கிறானா? அப்புறம், அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சொந்தச் சம்பளமோ, தாய் வீடோ, கதவைத் திறக்க ஒரு தோழியோ இருந்தும் அவனோடு இருக்கிறாள் என்றால் அது காதல். போக வழியில்லாமல் இருந்தால், எழுதியவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது சிறைதான். போனைச் சோதிப்பதையும், யாரோடு கதைத்தாய் என்று விசாரிப்பதையும் அன்பு என்று காட்டும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவன் அடித்தால் கடைசி 10 பக்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

15 வயது மகள் இரவிரவாகப் போனில் காதல் கதை படிக்கிறாள். போனை வாங்கி வைக்கட்டா? (அன்புவழிபுரம்)

போனை இரவில் வாங்கி வையுங்கள், அது நித்திரைக்காக. கதையைப் பறிக்க வேண்டாம். பறித்தால் ஒளித்துப் படிப்பாள், படித்ததைப் பற்றி உங்களோடு கதைக்கவும் மாட்டாள். அவள் படிக்கும் கதையை நீங்களும் படியுங்கள். சமைக்கும்போது, ‘அந்தப் பெடியன் செய்தது சரியா, நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்?’ என்று கேளுங்கள். பெரியவர்களுக்கென்று எழுதிய படுக்கையறைக் காட்சிகள் நிறைந்தவை அந்த வயதுக்கு வேண்டாம், அதை வெட்கப்படாமல் நேரே சொல்லிவிடலாம். காசு கட்டித் திறக்கும் அத்தியாயங்களுக்கு உங்கள் கார்ட்டைக் கொடுக்காதீர்கள். ‘நானும் உன்னைப் போல வாசகிதான்’ என்று தனியாகக் கதைக்க வரும் முகம் தெரியாதவர்களைப் பற்றி இன்றைக்கே சொல்லிவையுங்கள். கதைகளை விட எனக்கு அதுதான் பயம்.

என் கணவர் கட்டாரில். கதை படித்துவிட்டு இருக்கும்போது அவர் ‘சாப்பிட்டியா’ என்று மட்டும் மெசேஜ் போட்டால் கோபம் வருகிறது. (சாம்பல்தீவு)

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

கதாநாயகன் பேசும் வரியை ஒருவர் மேசையில் இருந்து நாலைந்து தரம் வெட்டி வெட்டி எழுதியிருக்கிறார். உங்கள் கணவர் வேலை முடித்து, வெக்கையில் நின்ற உடம்போடு, ஒரே அறையில் பல பேர் இருக்கும் இடத்தில் இருந்து எழுதுகிறார். நம் ஆட்களுக்கு அன்பைச் சொல்ல வாயில் வரும் முதல் சொல் ‘சாப்பிட்டியா’தான்.

அதற்காக உங்கள் ஏக்கம் தவறு என்று நினைக்க வேண்டாம். வார்த்தை கேட்க ஆசைப்படுவது நியாயமான ஆசை. கடலோரத்துக் காதலுக்கு, நெய்தலுக்கு, இரங்கல் என்றுதான் பழைய இலக்கணமே உரிப்பொருள் (அந்த நிலத்துக்குரிய உணர்வு) வைத்தது. உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தைக் குரல் பதிவாக வாசித்து அவருக்கு அனுப்புங்கள். ‘இதைப் படித்ததும் உங்களை நினைத்தேன்’ என்று சேருங்கள். அவர் என்ன பதில் போடுவார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றும் கேட்காமல் கோபித்துக்கொண்டு இருப்பதை விட இது நல்லது.

தொடர்கதை படித்து இரவு இரண்டு மணியாகிறது. காலையில் வேலை. (மட்கோ)

‘தொடரும்’ என்று முடிபவற்றை விடுங்கள். முடிந்த கதையாக, ஒரே புத்தகமாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் களவுப் பிரதி வேண்டாம், எழுதுகிற பெண்களுக்கு அதனால் ஒரு சதமும் போகாது.

நம்முடைய ஊரில் காதல் கதை எழுதியவர்கள் இருக்கிறார்களா ரீச்சர்? (உயர்தர மாணவி)

இந்தக் கடதாசியைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே நம் ஊர் நிற்கிறது. 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி ‘ஊசோன் பாலந்தை கதை’யைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் வழங்கிய பழைய வீரக்கதையைத் தழுவியது அது. அதற்கு அடுத்த வருடம், 1892 இல், நம் ஊர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தைவிடு தூது’ எழுதினார். காதலில் கிளியைத் தூது அனுப்பும் பாட்டு அது. பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு என்பதை அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார்! 1895 இல் அவரே எழுதிய ‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். நாயக்கர் காலக் கதை, நடுவில் ஓடுவது காதல்.

பிறகு 1970களில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது, வீரகேசரி பிரசுரமாக நம் எழுத்தாளர்களின் நாவல்கள் வரிசையாக வந்தன. நம் மண்ணும் நம் பேச்சும் கதைக்குள் வந்த காலம் அது. பழைய ஈழத்துப் புத்தகங்கள் பலவற்றை 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

ஆம்பிளைகள் இதைப் படிக்கலாமா? (மூதூர்)

தாராளமாகப் படியுங்கள் தம்பி. ஒரு பெண் எதைக் கவனிக்கிறாள், எந்தச் சொல்லில் மனம் விட்டுப்போகிறாள் என்று இவ்வளவு விரிவாக வேறு எங்கும் எழுதியிருக்காது.

ஒரு குறுநாவல் எழுத ஆசை. எங்கே தொடங்க? (நிலாவெளி)

முதலில் இந்தியக் காதல் நாவல்களில் வழக்கமாக வரும் கோயம்புத்தூர்த் தொழிலதிபர்க் கதாநாயகனை மறந்துவிடுங்கள். நீங்கள் பார்த்த ஊரை எழுதுங்கள். கோட்டைக்குள் மான்கள் நடக்கின்றன, கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருக்கின்றன. அங்கே இரண்டு பேர் சந்திக்கட்டும், ஒரே ஒரு தடை இருக்கட்டும்.

கதை வேண்டுமென்றால் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நிற்கும் அந்தத் தூணைப் பாருங்கள். டச்சுக்காரப் பெண் பிரான்சினா, காதலன் கைவிட்டுக் கப்பலேறியதும் அங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்று சொல்வார்கள். 1687 என்று தூணில் வெட்டியிருக்கிறது. டச்சு ஆவணங்களைத் தேடியவர்களோ, அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தாள், கல்யாணமும் செய்தாள் என்கிறார்கள். பாய்ந்ததைத்தான் எல்லாரும் சொல்கிறோம். நீங்கள் அவள் வாழ்ந்த வருடங்களை எழுதுங்கள், 100 பக்கம் போதும். முதல் மூன்று அத்தியாயத்தை அடுத்த போயாவுக்குக் கொண்டுவாருங்கள், இருந்து வாசித்துத் தருகிறேன்.