அஞ்சுகம் என்றால் கிளி

கேள்வி: எனக்கு வைத்திருப்பது என் அப்பாயியின் பெயர், அஞ்சுகம். சொந்த ஊர் திருவாரூர் பக்கம், இப்போது சென்னையில் வேலை. "அஞ்சு சுகமும் உங்களுக்குத்தானா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். குழந்தைப் பெயர்ப் பட்டியல் ஒன்றில் 'அஞ்சும் அகம் கொண்டவள், அதாவது பயந்தவள்' என்று போட்டிருக்கிறது. பேசாமல் கெஸட்டில் 'அஞ்சு' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்று: எனக்குப் பெண் குழந்தை பிறந்தால் 'தத்தை' என்று வைக்க ஆசை. வாசவதத்தை, காந்தருவதத்தை எல்லாம் கிளிப் பெயர்கள்தானே?

பதில்: மாற்றாதீர்கள். சிரிக்கிறவர்களும் தப்பு, பட்டியல் போட்டவரும் தப்பு. உங்கள் பெயருக்குப் பொருள் அழகிய கிளி.

முதலில் அந்த 'அஞ்சு சுகம்'. அஞ்சு, சுகம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், 'அஞ்சுசுகம்' என்று வரும். உங்கள் பெயரில் ஒரு 'சு'தான் இருக்கிறது. அடுத்தது 'அஞ்சும் அகம்'. அஞ்சு என்பதோடு அகம் சேர்ந்தால் 'அஞ்சகம்' என்றுதான் ஆகும். இதற்கு இலக்கண நூலைப் புரட்ட வேண்டாம், அடுப்பங்கரைக்குப் போனால் போதும். அஞ்சு அறை உள்ள பெட்டியை நாம் அஞ்சறைப் பெட்டி என்றுதானே சொல்கிறோம்? 'சு'வில் இருக்கும் உகரம், பின்னால் உயிரெழுத்து வந்தால் நிற்காது. பெயர்ப் பட்டியல் போடுகிறவர் இந்த அளவுக்காவது யோசித்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பெயருக்குப் 'பயந்தவள்' என்று பொருள் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை அகராதியைத் திறந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, பெயர் எப்படி வந்தது? அம் + சுகம். 'அம்' என்றால் அழகு. பின்னால் வரும் வல்லெழுத்துக்கு ஏற்ப அதன் மகரம் மாறும். அம் + தளிர் அந்தளிர் ஆகிறது, அம் + சொல் அஞ்சொல் ஆகிறது. மதுரை மீனாட்சியின் தமிழ்ப் பெயரை நினைத்துப் பாருங்கள்: அம் + கயல் + கண்ணி, அங்கயற்கண்ணி. உங்கள் பெயரில் முன்னால் நிற்பதும் அதே 'அம்'தான். அந்த அம்மன் கையில் இருப்பதும் கிளிதான்!

'சுகம்' வடமொழியில் இருந்து வந்த சொல். குழப்பமெல்லாம் இங்கேதான். வடமொழியில் இன்பத்தைக் குறிக்கும் சுகமும் கிளியைக் குறிக்கும் சுகமும் வேறு வேறு சொற்கள். அங்கே இரண்டுக்கும் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிடுகின்றன. பரீட்சித்து மன்னனுக்குப் பாகவதம் சொன்ன சுகர் இந்தக் கிளிச் சுகத்தைச் சேர்ந்தவர். அதனால்தான் அவரைக் கிளி முகத்தோடு காட்டுவார்கள். சேலத்தில் சுகவனேசுவரர் கோயில் இருக்கிறதே, அந்தச் சுகவனமும் கிளிக்காடுதான்.

பாதி வடமொழி என்று யாராவது குறை சொன்னால் அதற்காகவும் கலங்க வேண்டாம். தமிழ் 'அம்'மோடு சேர்ந்து, தமிழ்ப் புணர்ச்சிக்கு வளைந்து, நம் வீட்டுப் பெண்களுக்குப் பெயராகிவிட்ட சொல் நம் சொல்தான். கலைஞர் கருணாநிதியின் தாயார் பெயர் அஞ்சுகம். திருக்குவளை உங்கள் ஊர்ப் பக்கம்தானே, உங்கள் அப்பாயிக்கு இது தெரிந்தே இருந்திருக்கும்.

ஏன் கிளி என்று கேட்டால், பேச்சுதான் காரணம் என்பேன். மழலைக்கும் இனிய குரலுக்கும் நம்மவர்கள் கிளியைத்தான் சொன்னார்கள். ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது ஐங்குறுநூறு. அதில் கபிலர் பாடிய குறிஞ்சியில் 'கிள்ளைப் பத்து' என்று பத்துப் பாட்டுகள் இருக்கின்றன. தினைப்புனத்துக்குக் கிளி எதிரி. கதிரைக் கொத்தித் தின்னும். அதை விரட்டத்தான் குறத்திப் பெண்ணைக் காவலுக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் தலைவன் அவளைப் பார்க்கிறான். அதனால் முதல் பாட்டில் அவன் கிளிகளை வாழ்த்துகிறான். ஊழி பல கடந்தாலும் கிளிகள் வாழட்டும், அவள் காவல் காக்கும் இடத்தை எனக்குக் காட்டியவை அவைதாம் என்கிறான். பயிரைத் தின்ற பறவைக்கு இப்படி ஒரு வாழ்த்து! அப்புறம் பல நூற்றாண்டு கழித்து, உங்கள் டெல்டாவிலேயே, திருக்கடையூரில் அபிராமி பட்டர் அந்தாதியின் 16ஆவது பாட்டைக் 'கிளியே' என்று தொடங்குகிறார். அவர் அப்படிக் கூப்பிடுவது அம்மனை. இந்த வரிசையில் வரும் பெயரை அலுவலகச் சிரிப்புக்காகக் கைவிடுவதா?

'அஞ்சு' என்று சுருக்கினால் கிளி பறந்துவிடும். தமிழ்க் காதுக்கு ஐந்து என்றும் 'பயப்படு' என்றும்தான் அது கேட்கும். எந்தப் பொருளுக்காக நீங்கள் வேதனைப்படுகிறீர்களோ, அதையே கெஸட்டில் பதிய வேண்டாம். வீட்டில் செல்லமாக அஞ்சு என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும், அது வேறு. சான்றிதழில் முழுப் பெயரே இருக்கட்டும்.

இனி தத்தை. தமிழில் தத்தை என்றால் கிளி. கிள்ளை, சுகம், கீரம் போல அதுவும் ஒரு பெயர். ஆனால் வாசவதத்தையில் கிளி இல்லை. அது வடமொழி 'தத்தா', கொடுக்கப்பட்டவள். வாசவன் என்றால் இந்திரன், அவன் தந்தவள் வாசவதத்தை. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையிலும் அதே 'தத்தா'தான் இருக்கிறது. சுகத்துக்கு நேர்ந்ததுதான் இங்கேயும், இரண்டு சொல் தமிழில் ஒரே உருவத்தில் வந்து நிற்கிறது. பெண் பிறந்தால் தாராளமாகத் தத்தை என்று வையுங்கள். பெயர் சூட்டும் அன்று யாராவது பொருள் கேட்டால் வாசவதத்தையை இழுக்காமல், கிளி என்றே சொல்லுங்கள். அஞ்சுகத்தின் மகள் தத்தை, அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பறவை.