மிச்சத் துணியில் ஜன்னல் திரை தைத்தால் மலிவாகத் தெரியுமா?

கைவேலை செய்து மிஞ்சிய துணி, மணி, லேஸ் இவற்றைக் கொண்டே ஜன்னலுக்குத் திரை தைக்கலாமா, பார்ப்பவர்களுக்கு மலிவாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தைக்கலாம். என்னை எழுத வைத்தது அந்த ‘மலிவாக’ என்ற சொல்தான். உங்கள் வீட்டிலும் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்கும் சொன்னார்கள்.

நான் மதுரையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், கொக்கி ஊசியால் போடும் ஆரி எம்பிராய்டரி வேலையும் செய்கிறேன். மூன்று வருடத்தில் இரண்டு மூட்டை வெட்டுத் துணி சேர்ந்தது. மேற்குப் பார்த்த ஜன்னல் என்பதால் மாலை மூன்று மணிக்கு மேல் மெஷின் முன்னால் உட்கார முடியாது, ஊசி முனையே கண்ணில் கூசும். அதற்காகத்தான் தைக்க ஆரம்பித்தேன்.

முதலில் தைத்தது பாழாகிவிட்டது. காட்டன், பாலியஸ்டர், கொஞ்சம் பட்டு என்று நிறம் பொருந்தியதையெல்லாம் சேர்த்துத் தைத்தேன். முதல் அலசலிலேயே காட்டன் சுருங்கியது, பாலியஸ்டர் அப்படியே நின்றது, தையல் நெடுக இழுத்துக்கொண்டு கோணலாகிவிட்டது. குளூ கன்னால் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் சித்திரை வெயிலில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு சுங்குடித் துண்டின் சிவப்பு பக்கத்து மஞ்சளில் இறங்கிவிட்டது. எங்கள் ஊர்ச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதன் அழகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடர் நிறமாக இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டாம் முறை காட்டனை மட்டும் பொறுக்கி, எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். என் ஜன்னல் நாலுக்கு நாலு அடி. மடிப்பு விழ வேண்டுமென்றால் துணியின் அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு வேண்டும், அதாவது எட்டு அடி. இதில் சிக்கனம் பார்த்தால்தான் திரை மலிவாகத் தெரியும், தட்டையாகத் தொங்கும். எட்டு அங்குலச் சதுரங்களாக வெட்டி, சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டால் ஏழு அங்குலம் நிற்கும். ஒரு பக்கத் திரைக்குக் குறுக்கே ஏழு, நெடுக்கே எட்டு. இரண்டு பக்கத்துக்கும் 112 சதுரங்கள். மேலே கம்பி நுழைய மூன்று அங்குலம், கீழே மடித்தடிக்க மூன்று அங்குலம் போக, மீதி ஜன்னலை மூடிச் சற்றுக் கீழே இறங்கும்.

உள்துணி அவசியம். அது இல்லாமல் வெயில் அடித்தால் ஒவ்வொரு தையலும் கறுப்புக் கோடாகத் தெரியும், பிசிறு நூல்கூடத் தெரியும். என் கணவரின் பழைய எட்டு முழ வேட்டியை நடுவில் வெட்டினேன், இரண்டு பக்கத்துக்கும் சரியாக இருந்தது. வெயிலை வேட்டி தாங்குகிறது, வண்ணம் வெளுப்பதில்லை. ஆரிக்கு வாங்கி மிஞ்சிய கண்ணாடி மணிகளைக் கீழ்மடிப்புக்குள் வைத்து நூலால் பிடித்துத் தைத்தேன், அந்தக் கனத்தில் திரை காற்றுக்குப் பறக்காமல் நிற்கிறது. சரிகை, ஜமிக்கி வேண்டாம். கறுத்துப்போகும், கிரில் கம்பியில் மாட்டி இழுக்கும். ஸ்பிரிங் கம்பியும் இந்தக் கனத்துக்கு நடுவில் தொய்ந்துவிடும், ஸ்டீல் பைப் போடுங்கள்.

மாட்டிய வாரமே நாத்தனார் வந்தாள். திரையை விரலால் பிடித்துப் பார்த்து, “அண்ணி, இது பக்கத்து வீட்டு அக்கா ஜாக்கெட் துணி போலிருக்கிறதே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பொற்கொல்லர் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பார், அதாவது பெற்ற தாயின் நகையிலும் துளிப் பொன்னை எடுத்துக்கொள்வார் என்று ஒரு பேச்சு உண்டல்லவா, அதைத் தைக்கிறவள்மேலும் போடுகிறார்கள். இதைப் படித்து அப்படி நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஒவ்வொரு ஜாக்கெட்டோடும் மிச்சத் துணியைச் சுருட்டி வைத்துத்தான் கொடுக்கிறேன். “இதை வைத்து நான் என்ன செய்ய?” என்று விட்டுப்போவதுதான் என் மூட்டையில் சேர்கிறது. கை அகலத் துணியைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை.

சொல்ல ஆரம்பித்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் ஒட்டியிருக்கும் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வருபவர்கள், நான்கு நாள் கழுத்து வலிக்கக் குனிந்து போட்ட ஆரி வேலைக்கு என்னிடம் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். வீட்டில்தானே இருக்கிறாய் என்கிறார்கள். வீட்டில் இருந்தால் முதுகு வலிக்காதா?

என் அம்மா பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டாக்கிச் சுருட்டி, ஜெம் கிளிப்பில் கோத்து வாசலுக்குத் திரை செய்திருந்தார். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அது தொங்கியது. யாரும் அதை மலிவு என்று சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் ஜன்னலின் அகலம், உயரம், கையில் இருக்கும் துணி எந்த ரகம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எத்தனை சதுரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.