கபினித் தண்ணீர் முந்தி வருவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. ஒவ்வொரு வருஷமும் ஆடி பிறக்கும் சமயத்தில் "வயநாட்டில் கனமழை, கபினி நிரம்பியது, மேட்டூருக்கு நீர்வரத்து அதிகரிப்பு" என்று செய்தி வருகிறது. காவிரி குடகில் பிறக்கிறது என்றுதான் படித்தோம். கேரளத்தில் பெய்யும் மழைக்கும் எங்கள் பாமணியாற்றுக்கும் என்ன சம்பந்தம்? மகளின் பாடப்புத்தகப் படத்தில் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஒரே ஒரு நீலக்கோடுதான் இருக்கிறது. அவள் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள். அந்த ஒற்றை நீலக்கோடுதான் நமக்குக் காவிரியைப் புரியவிடாமல் செய்கிறது.

கேரளத்தில் 44 ஆறுகள். அதில் 41 மேற்கே ஓடி அரபிக்கடல் பக்கம் போகின்றன. மூன்று மட்டும் கிழக்கே வருகின்றன: கபினி, பவானி, பாம்பாறு. இந்த மூன்றுமே கடைசியில் காவிரியில்தான் சேர்கின்றன.

வயநாடு மலைமேல் இருக்கும் மேட்டுநிலம். மேற்கு விளிம்பில் தாமரச்சேரி சுரம் சடாரென்று கீழே இறங்குகிறது. ஆனால் மேட்டுநிலத்தின் சாய்வு கிழக்குப் பக்கம். சுரத்தின் தலைப்பில் லக்கிடி என்று ஓர் ஊர், தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் இடம். அதற்குப் பக்கத்தில் பூக்கோடு ஏரி. பனமரம் ஆறு அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து கோழிக்கோட்டுக் கடற்கரைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் போதும். தண்ணீரோ அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, மானந்தவாடி ஆற்றோடு சேர்ந்து கபினியாகி, கர்நாடகத்துக்குள் நுழைந்து, வங்கக்கடலை நோக்கி நடக்கிறது.

சரி, குடகுத் தண்ணீருக்கு முன்னால் கபினித் தண்ணீர் வருவது ஏன்? மழையைவிட அணைகளின் கொள்ளளவுதான் இதற்குக் காரணம். கபினி அணை பிடிப்பது சுமார் 19.5 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. வயநாட்டில் ஜூன், ஜூலையில் மழை வலுத்தால் அந்த அணை சீக்கிரம் நிரம்பிவிடும். அப்புறம் வருவதையெல்லாம் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. காவிரியின் தலைப்பக்கம் கதையே வேறு. கிருஷ்ணராஜ சாகர் மட்டுமே 49 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். அதற்கு மேலே ஹேமாவதியில் ஓர் அணை 37 டிஎம்சி, ஹாரங்கியில் ஓர் அணை எட்டரை டிஎம்சி. குடகிலும் ஹாசன் மலைகளிலும் பெய்யும் மழை இவற்றையெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். அதனால்தான் கர்நாடகத்தில் மழை சுமாராக இருக்கும் வருஷத்திலும் கபினி நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது.

கபினியும் காவிரியும் சேரும் இடம் மைசூருக்குக் கிழக்கே திருமகூடலு நரசிபுரா. அதற்கும் கீழே சிவசமுத்திரம் அருவியைத் தாண்டி ஷிம்ஷா வருகிறது. பிறகு அர்க்காவதி, நந்தி மலையிலிருந்து. அர்க்காவதியில் விருஷபாவதி கலக்கிறது. பெங்களூரின் மேற்குப் பாதியின் சாக்கடையைச் சுமந்து வரும் ஆறு அது. காவிரியில் என்ன கலக்கிறது என்று பேசும்போது இதை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளப்பது இவையெல்லாம் சேர்ந்து வரும் தண்ணீரைத்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னது அந்த அளவீட்டு நிலையத்தை வைத்து. அப்புறம் ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கல்லணை. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அந்த வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்ற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. லக்கிடி மழை உங்கள் ஊருக்கு வரும் வழி இதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டெல்டாவில் நாம் எல்லாரும் காலையில் பேப்பரைத் திறந்ததும் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம். 120 அடியா, 90 அடியா என்பதுதான் நமக்குக் காவிரி. ஆனால் தமிழ்நாட்டில் காவிரிக்கு வரும் மூன்று பெரிய துணையாறுகளும், பவானி, நொய்யல், அமராவதி மூன்றுமே, மேட்டூருக்குக் கீழேதான் சேர்கின்றன. மேட்டூர் அளவு அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பவானியின் பாதையைப் படத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் இறங்குகிறது. அப்படியே மேற்கே போய்விடும் என்று நினைக்கும்போது முக்காலியில் திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. வழியில் சிறுவாணி சேர்கிறது, பவானிசாகரில் மாயாறு சேர்கிறது. அந்த அணை மட்டும் 32.8 டிஎம்சி. மழைக்காலத்தில் பவானி கூடுதுறைப் படியில் நின்றால் இரண்டு ஆறும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மேட்டூரில் தேங்கி மண்ணெல்லாம் அடியில் படிந்த பிறகு வரும் காவிரி தெளிந்து பச்சையாக இருக்கும். பக்கத்திலேயே கரைமண்ணை வாரிக்கொண்டு பவானி செம்மண் நிறத்தில் வரும். கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டிக்கொண்டே, கலக்காமல் ஓடும். முடிந்தால் மகளை ஐப்பசியில் ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

ஐப்பசி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காவிரியின் தலைப்பக்கம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. கீழே சேரும் துணையாறுகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மேட்டூரில் திறப்பைக் குறைத்திருக்கும்போதும் பவானியும் அமராவதியும் பெருகி முக்கொம்பில் தண்ணீர் புரளும். சம்பாவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமராவதிக்குத் தண்ணீர் தருவது கேரளத்து மூணாறு மலைப்பக்கமிருந்து மறையூர் வழியாக வரும் பாம்பாறு. 2007 தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாறுக்கு 3 என்று பிரித்தே கொடுத்தது. நாம்தான் துணையாறுகளை அப்படித் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

நொய்யலை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. வெள்ளியங்கிரி மலையில் கண்ணாடி போலப் பிறக்கும் ஆறு அது. கோவையையும் திருப்பூரையும் கடந்து வருவதற்குள் சாயக்கழிவு அதன் நிறத்தையே மாற்றிவிட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுதான் தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. கழிவை முழுக்கச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பிலிகுண்டுலுவில் குறையும் ஒவ்வொரு டிஎம்சிக்கும் நாம் கர்நாடகத்திடம் கணக்குக் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். நொய்யலுக்கான கணக்கை யாரிடம் கேட்பது? அது முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே காவிரியில் சேரும் ஆறு.

அன்புடன்.